டப்பாவோடு வரும் தாள்

எடை குறைக்கும் பவுடரோ மாத்திரையோ வாங்கினால் கூடவே ஒரு தாளும் வரும். காலையில் ஷேக், மதியம் ஒரு கப் சாதம், கூட்டும் பொரியலும் தாராளமாக, இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு, இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கூடாது, முக்கால் மணி நேரம் நடை. இப்போது இது வாட்ஸ்அப்பில் வருகிறது. டப்பாவைப் பிரிக்காமல் இந்தத் தாளை மட்டும் மூன்று மாதம் கடைப்பிடித்தாலே எடை குறையும். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு டப்பாவை மட்டும் காலி செய்தால் என்ன ஆகும் என்று விற்பவர் சொல்வதில்லை.

டப்பாவுக்கென்று தனியே பலன் உண்டா என்று சோதித்த ஆய்வு பழையது. மீன் குழம்பில் போடும் குடம்புளியின் தோலிலிருந்து எடுக்கும் அமிலம்தான் ‘கார்சினியா’ மாத்திரைகளின் சரக்கு. 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வில், 135 பேருக்கு 12 வாரம் நார்ச்சத்து மிகுந்த, கலோரி குறைந்த உணவைப் பரிந்துரைத்தார்கள். பாதிப் பேருக்குக் கார்சினியா, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. இரு தரப்பிலும் எடை குறைந்தது. வெற்று மாத்திரை விழுங்கியவர்களைவிடக் கார்சினியா விழுங்கியவர்களுக்குக் கூடுதலாக எதுவும் குறையவில்லை. வேலை செய்தது சாப்பாடு. கால் நூற்றாண்டு கடந்தும் அதே மாத்திரை விற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

பச்சைக் காபிக்கொட்டைச் சாறு இன்னும் மோசமான கதை. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தியாவில் வெறும் 16 பேரை வைத்து நடத்தப்பட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று அதைத் தூக்கிப் பிடிக்க, சரக்கு பறந்தது. தரவுகள் மாற்றி எழுதப்பட்டவை என்று அந்நாட்டு வணிக ஆணையம் 2014-இல் வழக்குத் தொடுத்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனம் 35 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

தமிழ்நாட்டில் இந்தச் சந்தை ஏன் சூடு பிடித்தது என்று வியக்கத் தேவையில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை அதிகமானவர்கள். ஆண்களில் 37 பேர். காரணம் பெரும்பாலும் தட்டிலேயே இருக்கிறது. சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நாடு முழுவதும் நடத்திய ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் (INDIAB) ஆய்வு, நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. தானியங்களிலிருந்து 45 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

இங்கே ஒரு கணக்குப் போடலாம். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் எண்ணெய் செலவானால், தலைக்குத் தினம் 30 கிராம். அதை இரண்டரை லிட்டராக்கினால் ஆளுக்குத் தினம் சுமார் 100 கலோரி மிச்சம். மூன்று வேளை டீயில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரையை நிறுத்தினால் இன்னொரு 120. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஆக, சாதத்தில் கை வைக்காமலே, கணக்குப்படி மாதம் முக்கால் கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். நிஜத்தில் போகப்போக வேகம் குறையும், ஏனென்றால் இளைத்த உடம்புக்குச் செலவும் குறைவு. இதற்கு ஆகும் செலவு சைபர். எண்ணெய்க்கடை பாக்கிதான் குறையும்.

சாதத்தை விட்டுச் சாமைக்கும் தினைக்கும் தாவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு கிராம் அரிசிக்கும் நூறு கிராம் சிறுதானியத்துக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. நார்ச்சத்து கூடுதல், அது நல்லதுதான். ஆனால் தினைப் பொங்கலில் நெய்யை ஊற்றிக்கொண்டு எடை குறையவில்லையே என்று கேட்கக் கூடாது. அளவைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டல், பயறு, முட்டை, மீன், காய் ஏதாவது வந்தால்தான் பசி தாங்கும்.

வாரம் அரை கிலோ குறைவது பாதுகாப்பான வேகம். தினம் ஆயிரம் கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்பதும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரை. பத்து நாளில் ஐந்து கிலோ என்றால் அதில் பெரும்பகுதி நீரும் தசையும். பட்டினி கிடந்து வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் வருவதும் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தத் தாளையும் பின்பற்ற வேண்டாம். புதிதாக வந்திருக்கும் எடை குறைப்பு ஊசிகள் வேறு வகை: அவை நிரூபிக்கப்பட்ட மருந்துகள், டாக்டர் சீட்டோடு மட்டும் வாங்க வேண்டியவை.

மாத்திரையால் பலன் இல்லாவிட்டால் போகட்டும், பணம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. சிபுட்ரமின் என்ற பசியடக்கி மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டது. இந்தியா 2011-இல் தடை செய்தது. ‘முழுக்க மூலிகை’ என்று விற்ற மாத்திரைகளுக்குள் அதே சரக்கு ஒளிந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. கலப்படம் இல்லாதவையும் சாதுவானவை அல்ல. குழம்பில் போடும் குடம்புளியும் குடிக்கும் கிரீன் டீயும் பயப்பட வேண்டியவை அல்ல. அவற்றின் சாற்றைச் செறிவாக்கி மாத்திரையாக விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது. இதில் கொடுமை, கல்லீரல் பாதிப்பின் முதல் அறிகுறிகளில் ஒன்று பசியின்மை. மாத்திரை வேலை செய்கிறது என்று மகிழ்ந்து இன்னொரு டப்பா வாங்குவார்கள். குமட்டல், அரிப்பு, சிறுநீர் கறுப்பது, கண் மஞ்சளாவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தப் பவுடர்களும் மாத்திரைகளும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உணவு வகை. அனுமதிக்கப்பட்ட பொருள்களைக் கொண்டு செய்து உரிமம் வாங்கினால் விற்கலாம். எடை குறையும் என்று மருந்தைப்போல முன்கூட்டி நிரூபிக்க வேண்டியதில்லை. பதிலுக்கு, 14 இலக்க உரிம எண்ணையும் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகத்தையும் லேபிளில் அச்சிட வேண்டும். விளம்பரத்தில் நோய் தீர்ப்பதாகச் சொல்லும் டப்பாவில் இந்த வரியைத் தேடிப் பாருங்கள். உடல் பருமனைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின்படி குற்றம்.

நுகர்வோர் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முறையான சோதனை இல்லாமல் ‘பலன் கியாரண்டி’ என்று சொல்வது அதன்படி நியாயமற்ற வணிகம். சோதனை செய்தோம் என்று விற்றவர் வாதிட்டால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. ஆகவே ‘30 நாளில் 7 கிலோ உறுதி’ என்ற வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். பில் தராததும் அதே சட்டத்தில் தவறு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். சரியாகாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. சரக்கின் மீதே சந்தேகம் என்றால் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்பலாம். பாதுகாப்பற்ற உணவால் உடலுக்குக் கேடு வந்தால் இழப்பீட்டுக்கும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு.

பலர் புகார் கொடுக்காததற்குக் காரணம் சட்டம் தெரியாதது மட்டுமில்லை. விற்றவர் எதிர்வீட்டு அக்காவாகவோ சித்தி மகளாகவோ இருப்பார். அவரும் கடன் வாங்கிச் சரக்கு எடுத்தவர். அவரோடு சண்டை போடத் தேவையில்லை. 2021 நேரடி விற்பனை விதிகளின்படி, முகவர் விற்ற பொருளால் வரும் குறைகளுக்கு நிறுவனமும் பொறுப்பு. அது குறைதீர்ப்பு அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகாரைப் பெற்ற 48 வேலை மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகாரை நேரே அந்த அலுவலருக்கு எழுதுங்கள். அக்காவிடம் ஒரு பிரதியைக் கொடுத்தால் அவருக்கும் உதவும்.