வேகத்தைத் தடுக்கும் வெப்பம்

புதுதில்லி: ஒலியைவிட ஐந்து மடங்குக்கும் மேலான வேகத்தில் பாயும் ஏவுகணைகள் குறித்து அறிவிப்பு வெளியாகும்போதெல்லாம் வேகமே பெரிதாகப் பேசப்படுகிறது. அந்த வேகத்தில் காற்றைக் கிழித்துச் செல்லும் கூர்முனை எதனால் ஆனது என்று கேட்போர் குறைவு. இத்திட்டங்களின் எதிர்காலமோ பெரிதும் அக்கேள்வியையே சார்ந்துள்ளது.

2020 செப்டம்பர் 7-ஆம் தேதி ஒடிசாவின் அப்துல் கலாம் தீவிலிருந்து ஏவப்பட்ட ஆய்வு வாகனம், ஒலியைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் 20 விநாடிகளுக்கு மேல் பறந்தது. 2025 ஏப்ரலில் ஹைதராபாதில் சிறிய அளவிலான ஸ்கிராம்ஜெட் எரிகலம் தரைச் சோதனையில் 1000 விநாடிகளுக்கு மேல் இயங்கியது. எரிகலத்தின் உட்புறத்துக்காக, எஃகின் உருகுநிலைக்கு மேலும் தாக்குப்பிடிக்கும் செராமிக் பூச்சு உருவாக்கப்பட்டிருப்பதாக அதே ஆண்டு ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

வெளிப்புறக் கூர்முனையின் நிலை இதைவிடக் கடுமையானது. முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு வெப்பம். 2000 டிகிரி செல்சியஸையும் அது தாண்டக்கூடும். சிர்கோனியம் டைபோரைடு, ஹாஃப்னியம் டைபோரைடு ஆகிய செராமிக்குகளை விஞ்ஞானிகள் நாடுவது இதனால்தான். இவை 3200 டிகிரிக்கு மேல்தான் உருகும்.

ஆனால், உருகுநிலையை மட்டும் நம்பி வாகனத்தை ஏவ முடியாது. முதல் எதிரி ஆக்சிஜன். சூடேறிய சிர்கோனியம் டைபோரைடின் மீது போரான் ஆக்சைடு திரவப் படலமாகப் படர்ந்து காக்கிறது. சுமார் 1100 டிகிரிக்கு மேல் அப்படலம் ஆவியாகத் தொடங்கும். மிஞ்சுவது துளைகள் நிறைந்த சிர்கோனியம் ஆக்சைடு. அதன் வழியே ஆக்சிஜன் உள்ளே ஊடுருவும். இதைத் தடுக்க ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு சிலிக்கான் கார்பைடு சேர்க்கின்றனர். அது கண்ணாடிபோல் உருகித் துளைகளை அடைக்கிறது. காற்று மெலிந்த உயரத்திலோ, கடும் வெப்பத்தில் அதே சிலிக்கான் வாயுவாக வெளியேறிவிடுகிறது. காவலனே கதவைத் திறந்துவிடுவது போன்ற நிலை இது.

மற்றொரு குறை நொறுங்கும் தன்மை. உலோகம் வளையும், செராமிக் முன்னறிவிப்பின்றி விரிசலுறும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசா இத்தகைய செராமிக் துண்டுகளைப் பொருத்தி ஏவிய முனைக்கூம்பு மீட்கப்பட்டபோது, அவற்றில் பல உடைந்திருந்தன. தயாரிப்பின்போது நேர்ந்த குறைபாடுகள் ஆய்வில் தெரியவந்தன. மாவாக அரைத்த பொருளைக் கடும் வெப்பத்தில் அழுத்தித் திடப்படுத்துகையில் நுண்ணிய வெற்றிடம் தங்கினாலும் போதும், அங்கிருந்தே விரிசல் புறப்படும்.

மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவறா கடற்கரை மணலில் சிர்கான் உள்ளது. அதனுடன் சிறிதளவு ஹாஃப்னியமும் கலந்தே வரும். நியூட்ரான்களை விழுங்கிவிடும் என்பதால் அணு உலைக்கான சிர்கோனியத்திலிருந்து அதை அரும்பாடுபட்டுப் பிரித்து நீக்குகின்றனர். அணுமின் துறை ஒதுக்கும் அந்த ஹாஃப்னியமே ஏவுகணையின் முனைக்கு அதிகம் ஏற்றது. ஆனால், அதன் டைபோரைடு சிர்கோனியத்தினுடையதைவிட ஏறத்தாழ இரு மடங்கு கனமானது.