ஆறாம் மாதம் முதல் இரண்டு வயது வரை யார் பார்ப்பது?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் காலை ஷிப்ட் எட்டரை மணிவாக்கில் தொடங்கும். ஆர்டர் நெருக்கினால் ‘ஒன்றரை ஷிப்ட்’. வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். பிழைக்க வந்த ஊரில் பாட்டி, அத்தை துணையில்லை. லைன் வீடுகளில், “அக்கா, சித்த பாத்துக்குங்க” என்று பக்கத்து வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு கம்பெனி வண்டிக்கு ஓடுகிறார்கள் தாய்மார்கள். அதற்கும் ஆளில்லாதவர்கள் பால்குடி மறந்ததும் பிள்ளையைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. பெண்களை மட்டும் எண்ணியதால், பெண்ணைச் சேர்த்தால் செலவு என்று முதலாளிகள் கணக்குப் போட அதுவே வழிவிட்டது. 2017-இல் மகப்பேறு பயன் சட்டத் திருத்தம் ஆண், பெண் சேர்த்து 50 பேர் இருந்தாலே காப்பகம் கட்டாயம் என்றது. தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். ஆனால் சிறிய ஜாப் ஒர்க் யூனிட், வீட்டு வேலை, தள்ளுவண்டிக் கடை எதுவும் இந்த வரம்புக்குள் வராது. காப்பகம் உள்ள இடத்திலும், கைக்குழந்தையோடு காலையில் நெரிசல் வண்டியில் ஏறத் தாய்மார்கள் தயங்குகிறார்கள்.

அதே திருத்தம் சம்பளத்தோடு கூடிய விடுப்பை 26 வாரமாக்கியது. அது முடியும்போது குழந்தைக்கு ஆறு மாதம்கூட நிறைந்திருக்காது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்விக்குச் சேர்ப்பது இரண்டு வயதுக்கு மேல்தான். இடையில் கிடக்கும் ஒன்றரை வருடத்தில்தான் பல பெண்களின் வேலை பறிபோகிறது. தனியார் காப்பகத்தில் அட்மிஷன், மாதக் கட்டணம் போக, நேரம் தாண்டினால் அதற்கும் தனிக் காசு. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் இந்த இடைவெளியைச் சரியாகவே குறிவைக்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை. 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். ஆனால் நாடு முழுக்க சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்க, அவற்றில் காப்பகமாகவும் இயங்கத் திட்டமிடப்பட்டவை 17,000 மட்டுமே. நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்கும். எட்டு மணி நேர வேலை, போக்குவரத்து, அதற்கு மேல் ஓவர்டைம் என்றிருக்கும் தாய்க்கு இது எப்படிப் போதும்?

புதுக் கட்டடம் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆலைகளும் கட்டுமான வேலைகளும் நெருங்கிய பகுதிகளிலாவது அவை ஷிப்ட் நேரத்தை ஒட்டி இயங்கட்டும். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஆள் வேண்டும். மதிப்பூதியம் அல்ல, முறையான சம்பளம் வேண்டும். இருக்கிற பணியாளர்கள் தலையிலேயே அதையும் கட்டினால், ஒரு பெண்ணின் பாரம் இன்னொரு பெண்ணுக்கு மாறும், அவ்வளவுதான். கூடுதல் ஆட்களுக்கான பணத்தை அடுத்த பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும்.