கோடையைச் சமாளிக்கும் சாம்பியன் ரீப்ஸ்
குடம், ரயில், திருவிழா: தங்கவயல் தமிழர்களின் இரண்டு மாதங்கள்

சாம்பியன் ரீப்ஸ்:

சித்திரை பிறக்கும் முன்பே தங்கவயலில் வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கிவிடுகிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,800 அடி உயரத்தில் உள்ள ஊர் இது. அதனால் வேலூரிலும் ஆம்பூரிலும் உள்ள உறவினர்கள், “உங்களுக்கென்ன, குளுகுளு ஊர்!” என்று கேலி பேசுவது உண்டு. சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில், தகரக் கூரையின் கீழ் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

உஷ்ணம் இந்த ஊருக்குப் புதிதல்ல. சாம்பியன் ரீப் சுரங்கம் பூமிக்குக் கீழே 10,000 அடிக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியசை எட்டும். மனிதன் அங்கே நின்று வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, இயந்திரம் வைத்துக் காற்றைக் குளிர்வித்துக் கீழே அனுப்பினார்கள். இன்று கீழே ஆள் இல்லை. மேலே இருப்பவர்களுக்குத்தான் கோடை. அவர்களுக்குக் காற்று அனுப்பும் கம்பெனியும் இல்லை.

கம்பெனி இருந்த காலம்

ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் இங்கு கால் வைத்தது. 1902-ல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது 1905-ல்தான். பாலாற்று நீர் தேங்கும் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடிநீரும் குழாய் வழியாக வந்து சேர்ந்தது. 1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கும், 1962-ல் மத்திய அரசின் கைக்கும் மாறின. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று.

வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளி சுகமாக வாழ்ந்தான் என்று யாரும் சொல்ல முடியாது. தட்டி வீட்டில், ஒரே அறையில் குடும்பம் நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இங்கே இருப்பவர்கள். ஆனால் குழாய் நின்றால் எங்கே போய்ச் சொல்வது என்பது தெரிந்திருந்தது. காய்ச்சல் வந்தால் போய் நிற்கக் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. 2001 பிப்ரவரி 28-ந் தேதியோடு சுரங்க வேலை நின்றது. ஆஸ்பத்திரியும் மூடப்பட்டது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு கோடையையும் லைன்வாசிகள் தங்களுக்குள் பேசி, ஒருவருக்கொருவர் கை கொடுத்துத்தான் கடந்து வருகிறார்கள்.

குடத்துக்கு ஒரு முறை

கோடையில் முதல் பேச்சு தண்ணீர்ப் பேச்சுதான். குழாய் எந்த நாளில் வரும், லாரி எந்தத் தெருவில் நிற்கும் என்பது காலையில் டீக்கடையில் விசாரிக்கப்படும் முதல் செய்தி. குடங்கள் வரிசையில் நிற்கின்றன. ஆள் இல்லாவிட்டாலும் குடம் இடம் பிடித்து நிற்கும். அந்த இடத்தை மற்றவர்கள் மதிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

சட்டம் மீறப்படும்போது சண்டை வருகிறது. இதைத் தவிர்க்க நல்ல வழி முறை வைப்பதுதான். வீட்டுக்கு இத்தனை குடம் என்று எல்லோருக்கும் ஒரே கணக்கு. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் நோயாளி உள்ள வீட்டுக்கும் முதல் இடம். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் பெரியவர்களுக்குத் தெரு வாலிபர்களே நிரப்பிக் கொடுப்பது. இந்த மூன்றும் நடக்கும் தெருவில் குரல் உயர்வதில்லை. விடுமுறையில் சும்மா இருக்கும் பையன்களுக்கு இதைவிட நல்ல வேலை வேறு இல்லை.

தண்ணீரைச் சேமித்து வைக்கும் வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் வளர்வதல்ல. நாம் மூடாமல் வைக்கும் நல்ல தண்ணீரில்தான் அது முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் 10 நாள் வரை ஆகும். ஆகவே டிரம்மையும் தொட்டியையும் மூடி வைப்பதோடு, வாரம் ஒரு முறை காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றியே குடிக்க வேண்டும்.

மலை போன்ற தூசி

தண்ணீருக்கு அடுத்த கவலை காற்று. பொன் பிரித்தபின் மிஞ்சிய கல்மாவை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கொட்டியதால் எழுந்தவையே ஊர் நெடுக நிற்கும் சயனைடு மேடுகள். மொத்தம் 13 மேடுகள். அவற்றில் இருப்பது சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். வெயிலில் காய்ந்து கிடக்கும் இந்த மாவை, மே மாதக் கடைசியில் வீசத் தொடங்கும் மேல்காற்று வாரிக்கொண்டு வருகிறது. துவைத்துப் போட்ட துணியிலும் சோற்றுப் பானையிலும் அதைப் பார்க்கலாம்.

மற்றவர்களுக்குத் தூசி என்றால் இருமலோடு போகும். சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு அப்படியல்ல. கல்தூசி நுரையீரலில் படிந்து மூச்சை இறுக்கும் சிலிகோசிஸ் நோய் இந்த மண்ணின் பழைய நோய். 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 பேரைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 43 பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது தெரியவந்தது. அந்த நோயோடு ஓய்வு பெற்றவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். காற்று வீசும் நேரத்தில் அவர்களை வாசலில் உட்கார வைக்காமல், மேட்டுப் பக்கத்துச் சன்னலை மூடி, ஈரத்துணி கட்டித் தொங்கவிடுவது நல்லது. மூச்சுத் திணறல் கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

இந்த மேடுகளில் மிஞ்சியுள்ள பொன்னைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அது. வேலை வரும் என்று வாலிபர்கள் எதிர்பார்ப்பது நியாயமே. அதோடு இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்கப்பட வேண்டும். சும்மா கிடக்கும்போதே கண்ணை மறைக்கும் மேட்டை மண்வாரி இயந்திரம் வைத்துக் கிளறினால், பக்கத்து லைன்களின் கதி என்ன? தூசி எழாமல் நனைக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும்? குடிக்கும் தண்ணீரில் அது பங்கு கேட்குமா? மேட்டின் ஓரத்தில் வசிப்பவர்களைக் கேட்டு, அவர்களுக்குத் தெரியும்படி பதில் சொன்ன பிறகே முதல் கூடை மண் எடுக்கப்பட வேண்டும் என்பதே நியாயம்.

விடியலுக்கு முன் ரயில்

சுரங்கச் சங்கு நின்றபின் ஊரை எழுப்புவது ரயில்தான். பவுரிங்பேட்டை என்று அந்நாளில் வழங்கிய பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை செல்லும் 16 கி.மீ. கிளைப்பாதை 1894-ல் திறக்கப்பட்டது. சுரங்கத்துக்காகப் போட்ட பாதை இன்று ஊருக்குச் சோறு போடுகிறது. கொரமாண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிகுப்பம் ஸ்டேஷன்களில் விடியலுக்கு முன்பே டிபன் பாக்சோடு நிற்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். பெங்களூரில் காவல் வேலை, கட்டட வேலை, தையல் ஆலை, ஆபீஸ் வேலை என்று இறங்கி, இருட்டியபின் வீடு திரும்புகிறார்கள். விடுமுறைக் காலத்தில் இந்தக் கூட்டத்தோடு விருந்தாளிக் கூட்டமும் சேர்ந்துகொள்கிறது.

சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் அது முடிவதற்கு 10 நாள் முன்னதாகவே புதுப்பித்துக்கொள்ளலாம். மாதத்தின் முதல் தேதியில் கவுண்டரில் இடிபட வேண்டியதில்லை. ரிசர்வேஷன் இல்லாத வண்டியில் 5 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. 5 முதல் 12 வயதுக்குள் அரை டிக்கெட். பள்ளி திறந்ததும் நினைவில் வைக்க வேண்டிய சலுகை ஒன்று உண்டு. ரயிலில் படிக்கப் போகும் பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலும், ஆண் பிள்ளைகளுக்கு 12-ம் வகுப்பு வரையிலும், வீட்டுக்கும் கல்விக்கூடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம். கல்வி நிலையத்தின் சான்றிதழ் வேண்டும். இது தெரியாமல் பணம் கட்டுகிற பெற்றோர் உண்டு.

திருவிழா மாதங்கள்

கஷ்டம் என்று சொன்னாலும் கோடைதான் தங்கவயலுக்குக் கொண்டாட்ட காலம். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாள். தமிழ்ப் புத்தாண்டும் அதே நாளையொட்டி வருகிறது. ஒரே வீட்டில் வேப்பம்பூ பச்சடியும், வாசலில் நீலக் கொடியும் காணலாம். அதை ஒட்டிப் பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் வரும். தெருவுக்குத் தெரு மாரியம்மனுக்குக் கரகம் எடுப்பார்கள்.

மே மாதப் பௌர்ணமியன்று வைசாக விழா. அயோத்திதாச பண்டிதர் 1898-ல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்சிலும் கிளைகள் எழுந்தன. 1907-ல் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பின், 1926-ல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளிகள் காசு சேர்த்துத் தமிழில் பத்திரிகையும் புத்தகமும் அச்சிட்ட ஊர் இது.

வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு. வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அன்று பங்காரப்பேட்டையில் வண்டி மாறி ஊருக்குப் போகின்றன. இங்கேயே தங்கும் விருந்தாளிகளை, 108 அடி உயர லிங்கம் உள்ள கம்மசந்திரா கோடிலிங்கேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போவது வழக்கம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை பள்ளி விடுமுறை. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைகள் பலர், கடைப் பலகையில் உள்ள தமிழைக்கூட எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறார்கள். கன்னடம் நன்றாகக் கற்க வேண்டும். அது வாழும் மாநிலத்தின் மொழி. அதற்காகத் தாத்தாவின் கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் போக வேண்டியதில்லை. படித்த அண்ணனோ அக்காளோ நாளுக்கு ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தால், 40 நாளில் எழுத்து கைவந்துவிடும்.

ஊர்க் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். 1965-ல் இதே சாம்பியன் ரீப் சுரங்கத்தில், சுமார் 7,500 அடி ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளை இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். தாத்தா இறங்கிய குழி உலக விஞ்ஞானத்தில் இடம்பெற்றது என்று கேட்கும் பிள்ளை, ஊரைச் சொல்ல வெட்கப்படாது.

ஜூனில் பள்ளி மணி அடிக்கும். விருந்தாளிகள் போய்விடுவார்கள். மழை வந்தால் தூசி அடங்கும், குடம் வரிசை குறையும். அதுவரை, பெங்களூர் வண்டியில் வந்து இறங்கும் அப்பாவுக்கு ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர் எடுத்து வைத்திருக்கும் வீடுகளில் தங்கவயலின் கோடை கழிகிறது. அந்தச் சொம்பு காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்வது நகராட்சியின் கடமை. பக்கத்து வீட்டின் கடமையும்கூட.