தொடக்கப் பள்ளி மைதானமும் அதற்கு அப்பாற்பட்ட வழியும்



தொடக்கப் பள்ளியின் ஆண்டு விளையாட்டு விழாவைக் காணாத பெற்றோர் அரியர். தரையில் சுண்ணாம்புக் கோடு, கரண்டியில் எலுமிச்சம்பழம், சாக்கினுள் கால்களை நுழைத்துக்கொண்டு தாவும் சிறுவர், வென்ற பிள்ளைக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர். அன்று மாலை வீடு திரும்பும்போது, “இத்துணை விரைவாக ஓடுகின்ற பிள்ளையை மேலே கொண்டுசெல்ல வழி உண்டா?” என்ற எண்ணம் எழுவது இயல்பே. போபாலிலோ நாகபுரியிலோ கட்டாக்கிலோ வாழும் தமிழருக்கு அதனோடு ஒரு தயக்கமும் எழுகின்றது. நாம் வேற்று மாநிலத்தவராயிற்றே, நம் பிள்ளையை இங்குள்ள அணியில் சேர்ப்பார்களா என்பதே அது.

பள்ளி விளையாட்டைப் பொறுத்தவரை இத்தயக்கத்துக்கு இடமில்லை. அங்கே கணக்கில் வருவது பிள்ளையின் தாய்மொழியன்று, சொந்த ஊருமன்று. அது படிக்கும் பள்ளியே.

1954-ஆம் ஆண்டு தோன்றிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு, தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளை 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகளாக நடத்துகின்றது. அரசுப் பள்ளி மாணவர் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்ற படிகளில் ஏறி, தாம் படிக்கும் மாநிலத்தின் அணியில் இடம் பெறுவர். மத்திய அரசு ஊழியராகிய நம்மில் பலருடைய பிள்ளைகள் கேந்திரீய வித்யாலயாவில் படிக்கின்றனர். அவர்களுக்கு வழி வேறு. அப்பள்ளிகளை நடத்தும் சங்கதன் தனக்கென மண்டலப் போட்டியும் தேசியப் போட்டியும் நடத்தி, ஒரு மாநிலத்தைப் போலவே தன் அணியைக் கூட்டமைப்பின் போட்டிக்கு அனுப்புகின்றது. ஆதலின், பணிமாற்றத்தால் ஊர் மாறினாலும் பிள்ளை அதே ஏணியில்தான் நிற்கின்றது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் தன்னுடன் இணைந்த பள்ளிகளுக்கு இத்தகைய போட்டிகளை நடத்துகின்றது. 1960-இல் தொடங்கிய சுப்ரதோ கோப்பைக் கால்பந்தில் முறையே வேறு. அங்கே பிள்ளை தனியாகப் பொறுக்கப்படுவதில்லை, பள்ளி அணியே களமிறங்குகின்றது.

2018-இல் டில்லியில் கேலோ இந்தியா பள்ளி விளையாட்டுகள் முதன்முறையாக நடந்தன. அடுத்த ஆண்டே அவை இளைஞர் விளையாட்டுகள் எனப் பெயர் மாறின. 2024-இல் சென்னை, மதுரை, திருச்சி, கோவை நகரங்களில் நடைபெற்றன. தேர்ந்தெடுக்கப்படும் இளம் வீரருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் எட்டு ஆண்டுகள் உதவி அளிப்பதென்று அத்திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இச்செய்தியைப் படித்ததும் எட்டு வயதுக் குழந்தையை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி ஓடவிடும் பெற்றோரை நான் அறிவேன். அவர்கள்மேல் எனக்குச் சினமில்லை. எனினும் அவர்கள் செய்வது தவறு.

ஏணியின் முதற்படி 14 வயதுப் பிரிவு என்பதை நோக்குக. தொடக்கப் பள்ளிப் பருவம் அதற்கு முந்தியது. அப்பருவத்தில் பிள்ளை ஓடவும் தாவவும் எறியவும் பிடிக்கவும் கீழே விழுந்து எழவும் கற்கவேண்டுமேயன்றி, ஒரே விளையாட்டில் கட்டுண்டு கிடத்தல் ஆகாது. இந்திய தடகளச் சம்மேளனம் மாவட்டங்களுக்கிடையே நடத்தும் இளையோர் போட்டியிலும், 14 வயதுக்குட்பட்டோர்க்கு 60 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், 600 மீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் இணைத்து ஒரே போட்டியாக வைத்ததுண்டு. பல திறம் வேண்டும் என்பதே அதன் கருத்து. பி. டி. உஷா, கேரள அரசு 1976-இல் கண்ணூரில் தொடங்கிய விளையாட்டுப் பிரிவில் சேர்ந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. அங்கே நம்பியார் என்ற பயிற்சியாளரிடம் பயிற்சி பெற்றார். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நொடியில் நூற்றிலொரு பங்கால் வெண்கலப் பதக்கத்தை இழந்த அவ்வோட்டத்துக்கும் கண்ணூருக்கும் இடையே எட்டு ஆண்டுகள் உள்ளன. பயிற்சிக்குக் காலம் இருக்கின்றது.

தொடக்கப் பள்ளிப் பருவத்திலேயே பெற்றோர் செய்தாக வேண்டிய காரியம் மைதானத்தில் இல்லை, மேசைமேல் இருக்கின்றது. பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு, ஆதார், மாற்றுச் சான்றிதழ் ஆகிய நான்கிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருத்தல் வேண்டும். தமிழர்க்கு இதில் தனித் தொல்லை ஒன்றுண்டு. நம் முன்னெழுத்தைக் கண்டால் வடபுல அலுவலர்கள் திகைப்பர். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஓரிடத்தில் தந்தை பெயரும், ஓரிடத்தில் ஊர்ப் பெயரும், ஓரிடத்தில் வெறும் புள்ளியும் ஏறிவிடும். வயது மோசடிக்கெதிரான தேசிய விதித்தொகுப்பு 2010-இல் வந்தது. ஐயம் எழுந்தால் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. இந்நிலையில் இத்தகைய வேற்றுமைகளைச் சிறு பிழை என்று எவரும் விட்டுவிடுவதில்லை.

இதனை நான் அறிந்தது நூலிலிருந்து அன்று. என் மகளை முதல் வகுப்பில் சேர்த்த நாளில், அக்டோபர் என்பதை மார்ச் என்று எழுதிவிட்டால் இவ்வாண்டே சேர்க்கலாம் என்றார் அப்பள்ளியின் எழுத்தர். பிறப்புச் சான்றிதழ் ஊரில் இருந்தது. உறுதிமொழித் தாளே போதும் என்றார். அரசு ஆவணங்களில் ஒரு காற்புள்ளி பிறழ்ந்தாலும் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட நான், என் கையாலேயே மார்ச் என்று எழுதினேன்.

ஏழு ஆண்டுகள் சென்றன. தடை ஓட்டத்தில் மாநிலத் தேர்வுக்கு அவள் அழைக்கப்பட்டாள். மேசையில் இருந்தவர் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிப் படிவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். எந்தத் தேதியைக் கொண்டாலும் அவள் வயது வரம்புக்கு உட்பட்டவளே. ஆனால் தேதிகள் இரண்டாக இருந்தன. பெயரை அடித்துவிட்டார். அவர் செய்தது முறையே. திரும்பி வரும் பேருந்தில், “அப்பா, இரண்டில் எது என் பிறந்தநாள்?” என்று மட்டும் கேட்டாள்.

ஒன்பதாம் வகுப்பில் வாரியத்தில் பெயர் பதிவாகுமுன் பள்ளிப் பதிவேட்டைத் திருத்துவது ஓரளவு எளிது. அதன்பின் மிகக் கடினம். பிறப்புச் சான்றிதழின் மூலப்படியோடு தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதி, இசைவு பெற்றுப் பதிவேட்டைத் திருத்தி முடிக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. அதற்குள் அவ்வாண்டுப் போட்டிகள் நடந்து முடிந்திருந்தன.