உங்களுக்குத் தெரியுமா? மண்ணால் எழுந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை

தூத்துக்குடி மாவட்டத்தில், ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியில், பாளையக்காரரான, அதாவது படையும் வரி தண்டும் உரிமையும் பெற்ற குறுநிலத் தலைவரான, வீரபாண்டிய கட்டபொம்மன் ஆண்ட கோட்டையின் மதில் மண்ணாலானது. 1799 அக்டோபர் 16 அன்று அவர் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின் ஆங்கிலேயர் இடித்த அக்கோட்டையை, 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரை சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பினார் என்பது வியப்புக்குரியது. மண்மதில் பீரங்கிக் குண்டுகளை உள்வாங்கிக்கொள்ளும் இயல்புடையது. மார்ச் 31இல் ஆங்கிலேயர் நடத்திய பெருந்தாக்குதலும் தோல்வியுற்றது. மே 24இல் வீழ்ந்த கோட்டை அடியோடு தகர்க்கப்பட்டது. இன்று பயணிகள் படமெடுத்துச் செல்வது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையையே. பழைய கட்டடங்களின் அடித்தளங்கள், அவ்வளவாகக் கவனிக்கப்படாமல், அருகிலேயே உள்ளன.