வெள்ளிமலைக்கு வழி சொல்வது யார்?

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் சாதிச் சான்றுக்கு விண்ணப்பிக்க ஒருவர் காத்திருக்கிறார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ‘மலையில நெட்டு இல்ல’ என்று எழுந்து போய்விடுகிறார். பழுது கல்வராயன் மலையில்தானா, வேறெங்காவதா? கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

கணினியில் ட்ரேஸ்ரூட் கட்டளை கொடுத்தால், தகவல் கடக்கும் ரவுட்டர்கள் வரிவரியாக வரும். பக்கத்தில், பதில் வர எடுத்த நேரம் மில்லி செகண்டில் இருக்கும். நட்சத்திரக் குறி வந்தால் பதறவேண்டாம்; அந்த ரவுட்டர் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். இங்கிருந்து சென்னைக்குப் போய்வர நாலைந்து மில்லி செகண்ட் போதும்; மொபைல் டவர் என்றால் இன்னும் சில பத்து கூடும். சென்னை சர்வருக்கு ஃபைபரிலேயே 80 காட்டினால், வழியில் நெரிசல், அல்லது தகவல் ஊர் சுற்றி வருகிறது.

நெட்வொர்க்குகளுக்கு இடையே வழியைத் தீர்மானிப்பது பி.ஜி.பி. என்ற நெறிமுறை. ‘இந்த முகவரிகளுக்கு என் வழியாக வாருங்கள்’ என்று ஒரு நெட்வொர்க் அறிவிக்கும். அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகள் பெரும்பாலும் நம்பிவிடும். ‘கல்வராயன் மலை’ என்ற பலகையைவிட ‘வெள்ளிமலை’ என்ற பலகையை டிரைவர் நம்புவதுபோல, குறிப்பான அறிவிப்புக்கே முதலிடம். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டில் யூடியூபை முடக்கப் போட்ட அப்படியொரு பலகை எல்லை தாண்டிவிட்டது. சுமார் 2 மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் இல்லை. 2021 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் வோடஃபோன் ஐடியா நெட்வொர்க்கிலிருந்து 30,000-க்கும் அதிகமான தவறான அறிவிப்புகள் கிளம்பின.

இவற்றைப் பிடிப்பது இடைவிடாத கண்காணிப்புதான். அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்தின் ரவுட்வியூஸும் ஐரோப்பாவின் ரைப் அமைப்பும் உலக நெட்வொர்க்குகளின் அறிவிப்புகளைச் சேமித்து, யாரும் பார்க்கத் திறந்துவைத்திருக்கின்றன. முகவரிக்குப் புதிதாக ஒருவர் உரிமை கொண்டாடினால் அந்தப் பதிவில் தெரிந்துவிடும். முகவரிக்கு மின்கையொப்பம் இடும் ஆர்.பி.கே.ஐ. முறை, பொய் உரிமையாளரை வாசலிலேயே நிறுத்த உதவும். எல்லா நிறுவனங்களும் அதைச் சரிபார்த்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் மலையின் கடைசிச் சில கிலோமீட்டர் இந்தப் பதிவுகளில் தெரியாது. அதற்கு ரைப் அமைப்பின் உள்ளங்கையளவு அளவீட்டுக் கருவிகள் உண்டு. உலகெங்கும் 10,000-க்கும் மேல், தன்னார்வலர்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் ஓடுகின்றன. மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் ஒன்று, வெள்ளிமலையில் ஒன்று வைக்கலாம். கீழே உள்ளது பேசி மேலே உள்ளது மௌனமானால், முதலில் பார்க்க வேண்டியது இடையிலுள்ள மலைப்பாதையை. இரண்டுமே ஒன்றாகத் தடுமாறினால் மலைக்குக் கீழே கள்ளக்குறிச்சிப் பக்கத்தை.