பதினாறாவது கம்பி

“2010இல் வாங்கிய கம்ப்யூட்டர். 2 ஜிபி ரேமோடு திணறுகிறது. 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்று வாங்கிப் போட்டேன். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது, திரைதான் வரவில்லை. அதே ரேம் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. கோளாறு எதில்?” என்று ஒரு வாசகர் கேட்கிறார். மதர்போர்டில் இருப்பது ஜி41 சிப்செட் என்றும் குறிப்பிட்டிருக்கிறார். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ரேமும் போர்டும் நல்ல நிலையில் இருந்தாலும் இப்படி நடக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி குறைகிறது.

ரேம் சிப்பில் ஒரு பிட்டுக்கு ஒரு மின்தேக்கி, ஒரு டிரான்சிஸ்டர். இவை கோடிக்கணக்கில் வரிசை வரிசையாக நிற்கின்றன. நாட்டு மருந்துக் கடையின் இழுப்பறைச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் இருக்கும் முதலாளிதான் போர்டின் மெமரி கன்ட்ரோலர். சரக்கு வேண்டுமென்றால் அவர் முகவரியை ஒரே மூச்சில் சொல்வதில்லை. எத்தனையாவது வரிசை என்று முதலில் சொல்வார். கடைப்பையன் அந்த வரிசை முழுவதையும் இறக்கி மேசைமேல் வைத்த பிறகுதான், எத்தனையாவது இழுப்பறை என்பார். ஒரு சிட்டிகை கேட்டாலும் வரிசை மொத்தமும் இறங்கியாக வேண்டும். வாசகரின் ரேமில் உள்ளது போன்ற சிப்பில் ஒரு வரிசை என்பது 8,192 பிட்.

படிக்கும்போதே மின்தேக்கியின் மின்னூட்டம் கலைந்துவிடும். ஆகவே மேசையில் பார்த்ததை அப்படியே மறுபடி நிரப்பித்தான் இழுப்பறையை உள்ளே தள்ள வேண்டும். போதாததற்கு, கடையிலிருக்கும் சரக்கு அத்தனையும் கற்பூரம். யாரும் தொடாவிட்டாலும் கரையும். 64 மில்லி செகண்டுக்குள் எல்லா வரிசைகளையும் ஒரு சுற்று இறக்கி நிரப்பாவிட்டால் எழுதிவைத்தது காற்றோடு போய்விடும். நீங்கள் மவுஸைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும்போதும் இந்த வேலை ஓய்வதில்லை. எனக்கு இது ஒருநாளும் அலுக்காத அதிசயம்.

இனி வாசகரின் சிக்கலுக்கு வருவோம். முதலாளி வரிசை எண்ணை வாயால் சொல்வதில்லை. கயிறுகளை இழுத்துக் காட்டுகிறார். ஜி41 கடையில் அதற்கு 15 கயிறுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை என்பதால் 32,768 வரிசைகளைக் கூப்பிடலாம். 2 ஜிகாபிட் சிப்பின் எட்டுப் பகுதிகளில் ஒவ்வொன்றிலும் உள்ள வரிசைகளும் அவ்வளவே. கணக்கு சரியாக இருக்கிறது. வாசகர் வாங்கிய ரேமில் இருக்கும் 4 ஜிகாபிட் சிப்பிலோ பகுதிக்கு 65,536 வரிசைகள். அவற்றைக் கூப்பிட பதினாறாவது கயிறு வேண்டும். அது பக்கத்து வீட்டுக் கடையில் இருக்கிறது; இங்கே கட்டப்படவே இல்லை. பயாஸை எத்தனை முறை அப்டேட் செய்தாலும் இல்லாத கம்பி முளைக்காது.

வரலாறு சுருக்கமானது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி என்ற அமைப்புக்கு ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்றார். முகவரியை இரண்டாகப் பிரித்து ஒரே கம்பிகளில் அடுத்தடுத்து அனுப்பும் உத்தியை மோஸ்டெக் நிறுவனம் 1973இல் தன் 4 கிலோபிட் சிப்பில் கொண்டுவந்தது. 12 பிட் முகவரிக்கு 6 கம்பி போதும் என்றானது. மற்றவர்களின் சிப்புக்கு 22 கால்கள் இருக்க, இது 16 கால்களில் நின்றது.

“ரேம் போட்டால் பழைய கம்ப்யூட்டர் புதுசாகிவிடும்” என்ற பேச்சை நம்ப வேண்டாம். ரேம் நிரம்பி வழியும்போது கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கை நாடுகிறது. டிஸ்க் பதில் தர எடுத்துக்கொள்ளும் நேரம் ரேமைவிட ஏறத்தாழ லட்சம் மடங்கு அதிகம். அந்தத் தவிப்பைத்தான் கூடுதல் ரேம் போக்கும். டாஸ்க் மேனேஜரில் பாதி ரேம் சும்மா கிடந்தால் பணத்தை எஸ்எஸ்டியில் போடுங்கள். 1600 மெகாஹெர்ட்ஸ் என்று கூடுதல் விலை சொல்லும் ரேமும், போர்டு 1066 தான் தரும் என்றால் 1066இல்தான் ஓடும். ‘ரேம் பூஸ்டர்’ மென்பொருள்கள் ஒரு பிட்டையும் கூட்டித் தருவதில்லை. 32 பிட் விண்டோஸ் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அதன் முகவரிக் கணக்கு 4 ஜிபியோடு முடிந்துவிடுகிறது.

வாசகர் செய்ய வேண்டியது இதுதான். போர்டின் கையேட்டில் 8 ஜிபி வரை என்றிருந்தால், 4 ஜிபி ரேம் இரண்டு வாங்கலாம். ஸ்டிக்கரில் ‘2ஆர்×8’ என்று இருக்க வேண்டும். அதாவது இருபுறமும் எட்டெட்டாக 16 சிப்புகள், ஒவ்வொன்றும் 2 ஜிகாபிட். ‘1ஆர்×8’ என்றால் 4 ஜிகாபிட் சிப்புகள் எட்டு, அது வேண்டாம். ‘×4’ என்று முடிவது சர்வருக்கான சிப்புகளைக் கொண்டது. மலிவாகக் கிடைத்தாலும் இன்டெல் டெஸ்க்டாப்பில் ஓடாது.

ரிச்சி தெருவில் பழைய டிடிஆர்3 தேடிப் போகிறவர்கள் எத்தனை ஜிபி என்பதோடு, எத்தனை சிப்பு என்றும் கேளுங்கள். ரேமைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பி எண்ணிப் பாருங்கள். “எல்லா டிடிஆர்3யும் ஒன்றுதான்” என்று கடைக்காரர் சொன்னால், மாற்றித் தருவதாக ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.